காப்பி அடித்தால் குடலை உருவுவார்கள்! சிங்கப்பூரின் விநோதக் குடும்பப் பூங்கா

பரீட்சையில் காப்பி அடித்தால் குடலை உருவிவிடுவார்கள். சாப்பாட்டை வீணாக்கினால் ரம்பத்தால் இரண்டாக அறுப்பார்கள். மாமியார் சாபம் இல்லை மக்களே! அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் போய்ப் பார்த்த குடும்பப் பூங்கா. ஹாவ் பார் வில்லா!

பாசிர் பாஞ்சாங்கில் இருக்கிறது. பக்கத்து எம்ஆர்டி மெட்ரோ ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான்.

கட்டியவர் ஆவ் பூன் ஹாவ். ஊருக்குப் போகும்போது பெட்டியில் கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில் டைகர் பாம் வைக்கிறோமே, அந்த டைகர் பாம் முதலாளி. ரங்கூனில் அப்பாவின் மருந்துக் கடையில் தொடங்கி 1920களில் இங்கே வந்தார். ‘ஹாவ்’ என்றால் புலி. தம்பி பெயரில் இருக்கும் ‘பார்’ என்றால் சிறுத்தை. அந்தத் தம்பிக்காக 1937இல் கட்டிய மாளிகைதான் இது. தோட்டம் முழுக்கச் சீனப் புராணச் சிலைகளை வைத்து, ஊர் மக்களை இலவசமாக உள்ளே விட்டார். நல்லது கெட்டதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது ஒரு பக்கம், தைலத்துக்கு விளம்பரம் இன்னொரு பக்கம்! தன் காருக்கே புலித்தலை வைத்து, ஹார்னைப் புலி மாதிரி உறும வைத்த மனிதர். அவர் காலத்தில் யூடியூப் இல்லாதது நம் சேனலின் அதிர்ஷ்டம்.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நரகத்தின் பத்து நீதிமன்றங்கள். செத்தவர்களுக்கு அவரவர் பாவத்துக்கு என்ன தண்டனை என்று சிலைகளாகக் காட்டும் பகுதி. குடலை உருவுவதும் ரம்பத்தால் அறுப்பதும் இங்கேதான். ஐந்தாவதில் தீர்ப்பு சொல்லும் ராஜாவின் பெயர் யான்லுவோ. மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘யான்’ என்பது யமன், ‘லுவோ’ என்பது ராஜாவின் ‘ரா’. நம்ம யமராஜாதான்! பௌத்தத்தோடு சீனாவுக்குப் போனவர், அங்கே பெயரைச் சுருக்கிக்கொண்டு, அப்புறம் சீனர்களோடு கப்பலேறி பாசிர் பாஞ்சாங் வந்து சேர்ந்துவிட்டார். என்ன, நம் ஊரில் சித்திரகுப்தனை வைத்துக்கொண்டு அவரே எல்லாவற்றையும் பார்க்கிறார். இங்கே வேலையைப் பங்கு போட இன்னும் ஒன்பது ராஜாக்கள். வரி ஏய்த்தவனைக் கல்லால் இடிப்பதற்குத் தனி மன்றம்! பத்தாவதில் மறதித் தேநீர் குடிக்க வைத்து மறுபிறவிக்கு அனுப்புகிறார்கள். அந்த டீ மட்டும் கோப்பிக்கடையில் கிடைத்தால், திங்கட்கிழமை காலையில் வரிசையில் நான்தான் முதல் ஆள்.

போர் வந்தது, ஜப்பானியர் மாளிகையிலிருந்து கடலைக் கண்காணித்தார்கள், தம்பி 1944இல் ரங்கூனில் இறந்தார். போர் முடிந்து திரும்பி வந்த அண்ணன் மிச்சமிருந்த வீட்டை இடித்தார். தோட்டம் மட்டும் நின்றது.

1990இல் சவாரிகள் வைத்து, ‘டிராகன் வேர்ல்ட்’ என்று பெயர் மாற்றிக் கட்டணமும் போட்டார்கள். ஓசியில் பார்த்த நரகத்துக்குக் காசு கொடுக்க யாருக்கு மனசு வரும்? நஷ்டம். மறுபடி இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

சின்ன வயதில் உங்களை அங்கே கூட்டிப்போய்ப் பயமுறுத்தியது யார்? கமெண்டில் எழுதுங்கள். இப்போது போகிறவர்களுக்கு ஒரு தகவல்: தோட்டம் இன்றும் இலவசம்தான். ஆனால் 2021இல் நரகத்தை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். அதற்கு மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டும்.