முதலில் கான், அப்புறம் பூ

வணக்கம் உறவுகளே. இலங்கை மலையகத்துத் தலவாக்கலையிலிருந்து பேசுகிறேன். மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, இருட்டுவதற்குள் வாசலைக் காட்டிவிடுகிறேன்.

இதோ என் கையில் இருப்பது டேலியாப் பூச்செடியின் கிழங்கு. அழுத்துகிறேன், பாருங்கள். தோல் வழுக்கிக்கொண்டு போகிறது, உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் வருகிறது. 14 கிழங்கு வைத்தேன், 9 இப்படி அழுகிவிட்டது. மனசு தாங்கவில்லை. மே மாதம் பிடிக்கிற தென்மேல் பருவமழை செப்டம்பர் வரை நம் பக்கம் லேசில் விடாது என்பது தெரிந்ததுதான். ஆனால் கூரைத் தண்ணீர் முழுக்க இந்தப் பாத்தியில் வந்துதான் தேங்குகிறது என்பதை இந்த வருடம் மழையில் நின்று பார்த்தபோதுதான் கவனித்தேன்.

அதனால் அடுத்த சீசனுக்குக் கன்று வாங்குவதெல்லாம் அப்புறம். முதல் வேலை கான் வெட்டுவது, அதாவது தண்ணீர் வடிந்து ஓட ஒரு வாய்க்கால். தேயிலை மலையில் வெட்டுகிற மாதிரியே சரிவுக்குக் குறுக்கே, ஒரு பக்கம் லேசாக வாட்டம் விட்டு. அப்பாவுக்கு இது கைவந்த வேலை, நேற்றே கயிறு பிடித்துக் குச்சி அடித்துவிட்டார். கானில் இருந்து அள்ளுகிற மண்ணைப் பாத்தியில் போட்டு ஓர் அடி உயர்த்துவோம். கூடவே மக்கிய மாட்டெரு, கொஞ்சம் தும்புத்தூள், அதுதான் தேங்காய் நார்த் தூள். மேலே மானாப்புல் பரப்பினால் மழை அடித்து மண் கரையாது.

தப்பிய 5 கிழங்கையும் கழுவி நிழலில் காயவைத்திருக்கிறேன். டிசம்பர் கடைசியில் பிரிப்பேன். இந்தக் கழுத்துப் பக்கம் சின்னதாக ஒரு மொட்டு தெரிகிறதா? அதுதான் கண். கண் இல்லாத துண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்காது. வெட்டின இடத்தில் அடுப்புச் சாம்பல் தடவி, ஒரு நாள் ஆறவிட்டு நடுங்கள். ஜனவரி தொடக்கத்தில் நட்டால் ஏப்ரலில் பூ பார்க்கலாம், சித்திரைப் பிறப்புக்குச் சரியாக இருக்கும். பிப்ரவரியில் மழை குறைவு, அப்போது மட்டும் தண்ணீர் ஊற்ற மறக்கக்கூடாது.

இங்கே வாருங்கள், இந்த ஹைட்ரேஞ்சியாவைப் பாருங்கள். இரண்டும் ஒரே செடியில் வெட்டின தண்டுதான். வேலியோரம் நல்ல நீலம், சிமெந்துப் படிக்குப் பக்கத்தில் ரோஸ் நிறம். நம் தேயிலை மண் புளிப்பு மண் (அமில மண்), புளிப்பைக் காட்டும் pH அளவு 4.5 முதல் 5.5 வரை; அளவு குறையக் குறையப் புளிப்பு அதிகம். அந்தப் புளிப்பில் மண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்து வேருக்குப் போவதால்தான் நீலம். படியிலிருந்து கசிகிற சுண்ணாம்பு அந்தப் புளிப்பைக் குறைத்துவிடுகிறது. டேலியாவுக்கு இவ்வளவு புளிப்பு ஆகாது, அந்தப் பாத்திக்கு டொலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் தூள் தூவப் போகிறேன். நீலச் செடிப் பக்கம் ஒரு சிட்டிகைகூட விழவிடமாட்டேன். இந்த நீலம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அம்மா நுவரெலியா பக்கத்து ஹக்கலப் பூங்காவுக்குப் போய் வந்ததிலிருந்து ரோஜா கேட்கிறார். இங்கே மூடுபனி ஈரத்தில் இலையில் கரும்புள்ளி விழும். அதனால் காலை வெயில் படுகிற அந்த மூலையில் இரண்டே செடி, நன்றாக இடைவெளி விட்டு.

சரி, தூறல் தொடங்கிவிட்டது. நாளைக் காலை அப்பாவோடு மண்வெட்டி எடுக்கிறேன். கான் வெட்டி முடித்ததும், முதல் மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.