'இடம்' என்ற சொல்லிலிருந்து: எழுத்து வடிவமைப்பின் அடிப்படைச் சொற்கள்

[திரையில்: வெள்ளைப் பின்னணி. நடுவில் 'இடம்' என்ற ஒரே சொல், திரை நிறைய.]

வணக்கம். எந்த அழைப்பிதழை எடுத்தாலும் இந்தச் சொல் இருக்கும். நாள், நேரம், இடம். இப்போது இதன் நடு எழுத்தை மட்டும் பாருங்கள். 'ட'வுக்கு ஒரு நிமிர்ந்த கோடு, ஒரு படுத்த கோடு, அவ்வளவுதான். வலது மேற்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அதனால் எழுத்துகளுக்கு நடுவே உள்ள தூரம் அளவுகோலில் ஒன்றாகவே இருந்தாலும், கண்ணுக்கு 'ம்' தள்ளி நிற்கிறது.

[திரையில்: 'ம்' மெல்ல இடப்பக்கம் நகர்கிறது.]

ஒரு மயிரிழை நெருக்கினேன். சொல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. இதற்குப் பெயர் கெர்னிங்: குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது. வரி முழுவதையும் ஒரே அளவில் தளர்த்தினாலோ இறுக்கினாலோ அது டிராக்கிங். கெர்னிங்கைப் பெரிய தலைப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிராக்கிங்கில் தமிழுக்கென்று ஓர் ஆபத்து உண்டு. ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளை அகலமாகப் பரப்பி வைப்பதைப் பார்த்து நாமும் செய்தால், பல மென்பொருள்களில் துணைக்கால் தன் எழுத்தை விட்டு விலகிவிடும். விலகிய துணைக்கால் 'ர' போலத் தெரியும். 'பாடம்', 'பரடம்' ஆகிவிடும்.

[திரையில்: ஓர் அழைப்பிதழ். மேலே 'புதுமனை புகுவிழா'.]

இனி இந்த அழைப்பிதழை வைத்தே மற்றச் சொற்களைப் பார்ப்போம்.

எழுத்துரு, அதாவது ஃபாண்ட். வார்ப்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கொல்லத்தில் 1578-இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி நெடுங்காலம் தமிழ் அச்செழுத்துகள் உலோகத்தில் வார்க்கப்பட்டன. 10 பாயின்ட் அளவுக்கு ஒரு வார்ப்பு, 12 பாயின்ட் அளவுக்கு வேறொரு வார்ப்பு. இன்று ஒரே கோப்பிலிருந்து எல்லா அளவும் கிடைக்கிறது. தலைப்பில் உள்ள 'னை'யைக் கவனியுங்கள். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அழைப்பிதழ்களில் இதே எழுத்து யானைத் துதிக்கைபோல் வளைந்திருக்கும். வீட்டில் பழைய அழைப்பிதழ் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அவ்வளவு அழகு.

பாயின்ட் என்பது எழுத்தின் அளவு. 72 பாயின்ட் ஓர் அங்குலம். ஆனால் அது எழுத்து உட்கார்ந்திருக்கும் பெட்டியின் உயரம். எழுத்தின் உயரம் அல்ல. ஆகவே 12 பாயின்டில் ஓர் எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரியலாம். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே வரியில் வைக்கும்போது எண்ணைப் பார்க்காதீர்கள். கண்ணால் பார்த்துச் சமன்செய்யுங்கள்.

[திரையில்: இரண்டு வரிகள் பெரிதாகின்றன. மேல் வரியின் 'பு', கீழ் வரியின் 'வி'.]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறோம். எழுத்துகள் உட்காரும், கண்ணுக்குத் தெரியாத கோடு அடிக்கோடு. 'பு'வின் இறங்கு கீற்று அதைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. 'த', 'ழ', 'ர' எல்லாமே இறங்குகின்றன. அடுத்த வரியில் 'வி'யின் மேல் விலங்கு மேலே எழும்புகிறது. மேலிருந்து ஒன்று இறங்க, கீழிருந்து ஒன்று ஏற, இரண்டும் முட்டிக்கொள்கின்றன. இதைத் தீர்ப்பதுதான் லெடிங், அதாவது ஓர் அடிக்கோட்டிலிருந்து அடுத்த அடிக்கோடு வரை உள்ள தூரம். 'லீடிங்' என்று சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் அச்சுக் கோப்பவர்கள் வரிகளுக்கு நடுவே செருகிய ஈயத் தகட்டின் ஆங்கிலப் பெயரான 'லெட்' என்பதிலிருந்து வந்த சொல் இது.

இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற மென்பொருள்கள் தாமாக வைக்கும் லெடிங் 120 விழுக்காடு. 10 பாயின்ட் எழுத்துக்கு 12. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து. நான் 11 பாயின்ட் எழுத்துக்கு 16 வைக்கிறேன்.

[திரையில்: அதே இரண்டு வரிகள் விலகுகின்றன. முட்டல் தீர்கிறது.]

மூச்சு விட இடம் கிடைத்துவிட்டது, பாருங்கள்.

அடுத்தது ஹையரார்க்கி, எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்ற வரிசை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு உதவும். தமிழில் அது இல்லை. அளவும் தடிமனும் நிறமும் சுற்றியுள்ள வெற்றிடமும்தான் நம் கையில் உள்ளவை. பெயர்கள், நாள், இடம் மூன்றையும் ஒரே தடிமனில் வைத்தால் எதுவுமே முந்தாது. ஒரே எழுத்துருக் குடும்பத்தில் மெலிந்தது, நடுத்தரம், தடித்தது என மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஓர் அழைப்பிதழுக்கு ஐந்து எழுத்துரு வேண்டவே வேண்டாம்.

அச்சுக்கு இரண்டு சொற்கள். திரைக்கான நிறமுறை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்), அச்சுக்கானது சிஎம்ஒய்கே (சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு). பிளீட் என்பது வெட்டும் கோட்டுக்கு வெளியே பின்னணி நிறத்தை நீட்டி விடுவது. பெரும்பாலும் 3 மில்லிமீட்டர்.

[திரையில்: 'தேதி' என்ற சொல். இரட்டைக் கொம்பு முதல் 'த'வுக்குப் பின்னே போய் நிற்கிறது.]

இது என் சொந்த அனுபவம். உறவினர் வீட்டு விழாவுக்கு நான் செய்த அழைப்பிதழில் 'தேதி' இப்படித்தான் அச்சாகி வந்தது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் முதலில் 'த', பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வசதி இயங்காத இடத்தில் கோப்பைத் திறந்தால் கொம்பு பின்னேயே நின்றுவிடும். அச்சகம் கைப்பேசியில் அனுப்பிய சிறிய படத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டேன். 300 பிரதிகள். இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இன்டிசைன் போன்ற அடோபி மென்பொருள்களில், கொம்பை முன்னே கொண்டுவரும் 'வேர்ல்ட்-ரெடி' என்ற அமைப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் எழுத்துகளை அவுட்லைனாக மாற்றிய பிரதியை அனுப்புங்கள்; அப்போது எழுத்து வெறும் வடிவமாகிவிடும், எந்தக் கணினியிலும் கொம்பு நகராது. பிழை திருத்த மூலக் கோப்பைத் தனியே வைத்திருங்கள்.

[திரையில்: வீட்டு அச்சுப்பொறியிலிருந்து ஒரு தாள் வெளிவருகிறது.]

கடைசியாக, உண்மையான அளவிலேயே ஒரு தாளில் அச்சிட்டு, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கொடுங்கள். எதுவும் சொல்லாதீர்கள், அவர் படிக்கட்டும். 'இடம்' வரிக்கு வரும்போது அவர் தாளைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்தால், அந்த வரியை மட்டும் 1 பாயின்ட் கூட்டிவிட்டு மறுபடி அச்சிட்டுக் கொடுங்கள்.