கன்ஃபியூஷன் என்னும் சொல்

அவையோருக்கு வணக்கம். தமிழ் பேசும்போதே நாள்தோறும் நம் வாயில் வந்து விழும் 'கன்ஃபியூஷன்' என்ற சொல்லைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

லத்தீனில் 'கான்ஃபுன்டெரே' என்றொரு வினை உண்டு. 'சேர்த்து ஊற்றுதல்' என்பது அதன் நேர்ப்பொருள். இரண்டு நீர்மங்களை ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டால் இது எது, அது எது என்று பிரித்தறிய முடியாமல் போகிறதே, அந்த நிலையிலிருந்துதான் இந்தச் சொல் பிறந்தது. குருதி ஏற்றுதலைக் குறிக்கும் 'ட்ரான்ஸ்ஃபியூஷன்' கூட இதே வேரில் கிளைத்ததுதான். வேரை வைத்துப் பார்த்தால், ஒன்றுமே தெரியாதவனுக்குக் கன்ஃபியூஷன் வர வழியில்லை. இரண்டு செய்திகள் தெரிந்து, அவை ஒன்றோடொன்று கலந்துபோனவனுக்கே அது வரும்.

தமிழும் இதே வழியில் நடந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. 'கலக்கம்' என்பதற்குள் 'கல' இருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் 'வேற்றுமை மயங்கியல்' என்று ஓர் இயலே உண்டு. ஒரு வேற்றுமை நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்று வந்து நிற்பதும் அங்கே மயக்கந்தான். 'தேர்தல்' என்ற சொல்லில் 'ர்' என்னும் மெய்யை அடுத்துத் தகரம் வருகிறதே, அதை இலக்கணத்தார் மெய்ம்மயக்கம் என்றார்கள். தலைசுற்றலுக்கு அங்கே இடமில்லை, சேர்க்கை மட்டுமே உண்டு.

வழக்குக்கு வருவோம். 'எனக்குக் குழப்பமாக இருக்கிறது' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல முயலும் பலர் 'ஐ ஆம் கன்ஃபியூசிங்' என்று விடுகிறார்கள். அதற்கு 'நான் பிறரைக் குழப்புகிறேன்' என்றே பொருள். குழம்பியவர் சொல்ல வேண்டியது 'கன்ஃபியூஸ்ட்'. 'கன்ஃபியூஸ்' என்ற வினையோடு 'வித்' சேரும்போது ஒன்றை மற்றொன்றாக மாற்றி எண்ணிக்கொள்வது என்ற பொருள் கிடைக்கிறது. பழைய 'சேர்த்து ஊற்றுதல்' அங்கேதான் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மருத்துவத்தில் இச்சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. நோயாளி எந்த அளவுக்கு நினைவோடு இருக்கிறார் என்பதை அளக்க 1974-இல் வெளியான கிளாஸ்கோ கோமா அளவுகோலில், பேச்சுக்கான 5 மதிப்பெண்ணில் 4 பெறுபவரைக் 'கன்ஃபியூஸ்ட்' என்று குறிக்கிறார்கள். அவர் முழு வாக்கியமாகவே பேசுவார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், மருத்துவமனைப் படுக்கையில் படுத்தபடியே 'வீட்டில்' என்பார். இதை உறவினரிடம் 'குழப்பத்தில் இருக்கிறார்' என்று மொழிபெயர்த்துச் சொன்னால், ஏதோ மனக்கவலை என்று அவர்கள் எண்ணிவிடக்கூடும். 'இடமும் நாளும் அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை' என்று விரித்துச் சொல்வதே சரியான மொழிபெயர்ப்பு என்பது என் உறுதியான கருத்து.