முதுகு காட்டும் சூரியகாந்தி

வணக்கம் நேயர்களே. மாசி பிறந்துவிட்டது. வெண்டை, கொத்தவரை விதைகளோடு சூரியகாந்தி விதைப் பொட்டலம் ஒன்றையும் உங்களில் பலர் வாங்கி வைத்திருப்பீர்கள். அதைப் பிரித்து அத்தனை விதையையும் இன்றே ஊன்றிவிடாதீர்கள். நான் இங்கே வந்ததே முக்கியமாக இதைச் சொல்லத்தான்.

சூரியகாந்தி ஒருமுறை பூத்து, விதை கட்டி, காய்ந்துபோகிற செடி. ஒரு பூத்தலை பார்க்க நன்றாக இருப்பது ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். வெயில் கொளுத்தினால் அதுவும் குறையும். எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டால், கல்யாண வீட்டில் வந்தவர்கள் அத்தனை பேரையும் முதல் பந்தியிலேயே உட்கார வைத்ததுபோல ஆகிவிடும். சித்திரையில் தோட்டம் முழுக்க மஞ்சள், வைகாசியில் வெறும் காய்ந்த தண்டு. ஆகவே இன்று நாலைந்து விதை, இரண்டு வாரம் கழித்து இன்னும் நாலைந்து என்று பங்குனி முடியும்வரை பிரித்துப் பிரித்து ஊன்றுங்கள். மார்டன் போன்ற குட்டை ரகம் ஏறக்குறைய 50, 55 நாளில் பூக்கத் தொடங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், கத்திரி வெயில் முடிந்த பிறகும் வீட்டில் பூ இருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. கிளைவிடும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். செடி முழங்கால் உயரம் வரும்முன் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். வாடிய பூவை உடனுக்குடன் வெட்டிவிட்டால் அடுத்த மொட்டு மலரும். ஆனால் மார்டன் போன்ற ஒற்றைத் தலை ரகத்தில் நுனியைக் கிள்ளாதீர்கள். இருக்கிற ஒரு பூவையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

விதையை நேராக மண்ணில், ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஆணிவேர்ச் செடி என்பதால், வேறிடத்தில் நாற்று வளர்த்துப் பிடுங்கி நடுவதை அது விரும்பாது. நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது விழ வேண்டும்.

எந்த இடத்தில் ஊன்றுவது? இங்கேதான் எனக்குப் பிடித்தமான கதை ஒன்று இருக்கிறது. மதுரையில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். கிழக்கு பார்த்த வீடு. திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று வாசல் தோட்டத்தில், சுற்றுச்சுவர் ஓரமாக வரிசையாகச் சூரியகாந்தி போட்டார். செடிகள் ஆள் உயரம் வளர்ந்தன, பூத்தன. பூத்ததெல்லாம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றன. திண்ணைக்குத் தெரிந்தது பச்சை முதுகு மட்டும். எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: “தம்பி, சூரியகாந்தி சூரியன் போகிற திசையில் திரும்பும் என்று வருடக்கணக்காகப் பாடம் நடத்தியவன் நான். சாயங்காலம் மேற்கே, என் பக்கம் திரும்ப வேண்டாமா?” அவர் வீட்டு அம்மா பக்கத்திலிருந்து, “தண்ணீர் ஊற்றுவது நாம், பார்ப்பது தெருவில் போகிறவர்கள்” என்று சொன்னதும் என் காதில் விழுந்தது.

அவர் நடத்திய பாடத்தில் தவறில்லை, பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். இளஞ்செடியும் மொட்டும் சூரியனோடு திரும்புவது உண்மை. பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் அதிகமாக வளரும், அதனால் தலை மேற்கே சாயும். இரவில் மேற்குப் பக்கம் வளரும், விடியும்போது தலை கிழக்கே வந்துவிடும். வளர்ச்சி ஓய்ந்ததும் இந்த ஆட்டமும் ஓய்ந்துவிடும். மலர்ந்த பூ கிழக்கையே பார்த்து நின்றுவிடும்.

ஏன் கிழக்கு? அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஸ்டேசி ஹார்மர் குழுவினர் இதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். தொட்டிச் செடிகளைத் திருப்பிப் பூவை மேற்கே பார்க்க வைத்தார்கள். கிழக்கு பார்த்த பூக்களுக்குக் காலையில் ஐந்து மடங்கு அதிகமாகத் தேனீக்களும் மற்ற பூச்சிகளும் வந்தன. காலை வெயிலில் பூ சீக்கிரம் சூடாவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மேற்கு பார்த்த பூவைச் சிறிய ஹீட்டர் வைத்துச் சூடாக்கியபோது அதற்கும் வரத்து கூடியது. பூவுக்குக் கணப்பு வைத்துப் பார்த்திருக்கிறார்கள், பாருங்கள்!

ஆகவே நேயர்களே, செடி உங்களுக்கு மேற்கே இருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: நீங்கள் நின்று பார்க்கிற இடத்துக்கு மேற்கே செடி. அப்போதுதான் பூ உங்களைப் பார்க்கும். மாடித்தோட்டம் என்றால் மேற்குக் கைப்பிடிச் சுவரோரம் வையுங்கள். தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: பூ நன்றாக விரிந்து நின்றபிறகு தொட்டியைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். மொட்டாக இருக்கும்போது திருப்பிப் பயனில்லை, சில நாளில் பழையபடி கிழக்கே போய்விடும். தலைமையாசிரியர் மறு ஆண்டு தொட்டிக்கு மாறிவிட்டார்.

தண்ணீர். நடுப்பகலில் இலை தொங்கியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வெயிலுக்கு இலை அப்படித்தான் தொங்கும், மாலையில் நிமிர்ந்துவிடும். காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் தாகம். விடியற்காலையில் வேர்வரை இறங்கும்படி ஊற்றி, அடியில் காய்ந்த சருகு பரப்புங்கள். சதா ஈரமாகவே வைத்திருந்தால் வேர் அழுகும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும், தண்டு காற்றுக்குச் சாயும். தொழு உரம், கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு போதும்.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பூச்சிகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் வேப்பெண்ணெய்க் கரைசல். மாலையில் இலைக்கு அடியில் தெளியுங்கள், பூவின்மேல் வேண்டாம், தேனீ வருகிற இடம் அது. கம்பளிப்பூச்சி கூட்டமாக இருக்கும் இலையை அப்படியே கிள்ளி அப்புறப்படுத்துங்கள். விதை எடுக்க நினைப்பவர்கள் இதழ் உதிர்ந்ததும் தலைக்கு மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள், இல்லையென்றால் கிளிகள் முந்திக்கொள்ளும். தலையின் பின்புறம் மஞ்சளானதும் அறுக்கலாம். நன்றி, வணக்கம்.