மீன் எட்டாத ஓர் அறை

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் மாற்றும் வேலை தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூபைப் போட்டுப் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, முந்தின நாளே பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரை ஊற்றினால் தீர்ந்தது. தங்கமீனுக்கு அது போதும். கடல்மீன் தொட்டிக்குப் போதாது. 20 லிட்டர் பக்கெட் ஒன்றுக்குச் சுமார் 700 கிராம் கடலுப்புக் கலவை வேண்டும், அதையும் ஆர்.ஓ. தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சமையல் உப்பு ஆகாது. அந்த உப்பு டப்பாவின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள்தான் பெரும்பாலும் ரெஃப்யூஜியம் பக்கம் வருகிறார்கள்.

ரெஃப்யூஜியம் என்றால் புகலிடம். பெரிய தொட்டியின் தண்ணீரே ஓடிவரும் ஒரு சின்ன அறை, ஆனால் மீன் நுழைய முடியாத அறை. உள்ளே கடற்பாசி வளரும். பாசிக்குள் பொடிப்பொடி உயிர்கள் பெருகும். அவ்வளவுதான் விஷயம்.

ஏன் பாசி? நாம் போடும் தீனி எங்கேயும் போய்விடுவதில்லை. மீன் தின்றது கழிவாகிறது, கழிவு அம்மோனியா ஆகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வழக்கமான ஃபில்டரின் வேலை அந்த இடத்தில் நின்றுவிடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தண்ணீரிலேயே தங்கும். நாம் கேட்காமலே அவற்றைத் தின்று கண்ணாடியில் பச்சையாகப் படர ஒரு பாசி எப்போதும் தயாராக இருக்கிறது. எப்படியும் பாசி வரத்தான் போகிறது. அதை நாம் சொல்லும் இடத்தில் வளர்த்துவிட்டால் நமக்கு லாபம். ஆனால் வளர்ந்தால் மட்டும் போதாது. பிடுங்கி வெளியே எடுக்க வேண்டும். இதை இன்னும் ஓரிரு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

80, 100 லிட்டர் தொட்டி வைத்திருப்பவர்கள் பெரிய ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டாம். தொட்டியின் பின்விளிம்பில் மாட்டுகிற ஃபில்டர் பெட்டி, சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வரிசையாகத் தொங்குமே, அதில் கொஞ்சம் பெரியதாக ஒன்று வாங்குங்கள். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சையும் கரித்தூள் பையையும் எடுத்துவிடுங்கள். நீரோட்டத்தைக் குறைத்து வையுங்கள். பெட்டியின் மேல் ஒரு சாதாரண வெள்ளை எல்.இ.டி. பல்பைக் கிளிப் போட்டு மாட்டுங்கள், தண்ணீர் தெறிக்காத உயரத்தில். பளபளவென்று சேறும் மண்ணும் பாக்கெட்டில் விற்பார்கள். இவ்வளவு சின்னப் பெட்டிக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி.

அப்புறம் ஒரு கைப்பிடி கீட்டோ. முழுப்பெயர் கீட்டோமார்ஃபா. பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரைப் பிரித்துப் போட்டதுபோல மொரமொரவென்று இருக்கும். வேர் கிடையாது, எதையும் பற்றிக்கொள்ளாது, உருண்டையாக மிதந்துகொண்டே வளரும். தொட்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார். அவருக்கும் அது கூடிப்போய்த்தான் கிடக்கும். கடலில் போய் அள்ளிவர வேண்டாம். மன்னார் வளைகுடாவிலிருந்து உயிருள்ள பவளத் துண்டு தருகிறேன் என்று யாராவது சொன்னால் கிட்டேயே போகாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

பல்பை இரவில் எரிய விடுங்கள். பெரிய தொட்டியின் விளக்கு அணையும்போது இது எரியட்டும். இரவில் தொட்டியில் உள்ள எல்லாமே மூச்சு விட்டுக் கரியமில வாயு சேர்வதால் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, இறங்கும். ஏ.சி. போட்டு அடைத்த அறையில் இன்னும் இறங்கும். பின்பெட்டியில் பாசி விழித்திருந்தால் அந்த வாயுவை அது எடுத்துக்கொள்ளும். ஒரு டைமர் போட்டுவிட்டால் மறந்துவிடலாம்.

சில வாரம் கழித்து, அந்தப் பல்பு அணைந்திருக்கும் நேரத்தில் பெட்டியின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வெள்ளைப் புள்ளிகள் சுவரில் ஊரும். நின்று, சட்டென்று துள்ளி, மறுபடி நிற்கும். அவை கோப்பிபாட்கள், இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான பொடி உயிர்கள். பாசியைக் கொஞ்சம் விலக்கினால் கூன்விழுந்த முதுகோடு சற்றே பெரிய ஆம்ஃபிபாட்கள் பக்கவாட்டில் நழுவி ஓடும். பெட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து தொட்டிக்குத் திரும்பும்போது இவற்றில் சில கூடவே வந்து விழும். நடுவில் மோட்டார் எதுவும் இல்லாததால் அடிபடாமல் வரும். அந்த வழிவாயில் அருகே கோமாளி மீன் வந்து நிற்கப் பழகிவிடும். வீட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கீட்டோதான் வேண்டும், காலெர்ப்பா என்கிற இன்னொரு கடற்பாசி வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு ஒரு கதை உண்டு. காலெர்ப்பா அழகு, இறகு மாதிரி இலை விடும். ஆனால் ஒருநாள் திடீரென்று இனப்பெருக்கத்துக்குத் திரும்பும். அப்போது உள்ளே சேர்த்த அத்தனையையும் தண்ணீரில் கொட்டிவிட்டு வெளுத்துச் சாகும், தொட்டி பச்சைப் பாலாகக் கலங்கும். அது வீட்டுக்குள் நடக்கும் கதை. வீட்டுக்கு வெளியே நடந்தது இன்னும் பெரிது. 1984இல், மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, மத்தியதரைக் கடலில், காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா ஒரு சதுர மீட்டர் அளவில் கண்ணில் பட்டது. காட்சித்தொட்டிகளில் வளர்த்த, குளிர் தாங்கும் ரகம். ஒரு சதுர மீட்டர்தானே என்று விட்டார்கள். 1989இல் அது ஏறக்குறைய ஒரு ஹெக்டேர். பின்னர் பல நாடுகளின் கரையோரங்களில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர். அதே பாசி 2000இல் கலிபோர்னியாவின் ஒரு காயலில் முளைத்தது. இந்தத் தடவை விடவில்லை. கருப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, அடியில் குளோரின் செலுத்தி, ஆண்டுக்கணக்கில் தேடித்தேடி, 2006இல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். நம் பக்கத்திலும் கேளுங்கள்: வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள்.

ஆகவே பிடுங்கிய பாசியைச் சாக்கடையிலோ கழிமுகத்திலோ போடாதீர்கள். கீட்டோவானாலும் சரி. நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, வெயிலில் காயவைத்து, செடித்தொட்டி எருவோடு சேர்த்துவிடுங்கள். உருண்டை பெட்டியை அடைக்கும்போது பாதிக்கு மேல் எடுக்க வேண்டாம். ஆனால் எடுங்கள்! எடுக்காமல் விட்டால் அடியில் வெளிச்சம் படாத பாசி அழுகி, தின்றதையெல்லாம் தண்ணீருக்கே திருப்பித் தந்துவிடும். மாறாக, பாசி முழுவதும் வெளிறிக்கொண்டு வந்தால் அதற்குத் தீனி போதவில்லை. அப்போது பாசி எடுப்பதை நிறுத்தி வைத்துவிட்டு விளக்கு நேரத்தைக் குறையுங்கள்.

மாண்டரின் மீனைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் விடவில்லை. ஒரே வரி: அது நாள் முழுக்க கோப்பிபாட் பொறுக்கித் தின்னும் மீன், இந்தச் சின்னப் பெட்டி அதற்குச் சோறு போடாது, கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

மின்வெட்டைப் பற்றிப் பேசவும் ஒரு நிமிஷம்தான் மிச்சம். தனி மோட்டார் வைத்துக் குழாய் வழியாகப் பெட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர்கள், குழாய் முனையைப் பெட்டியின் நீர்மட்டத்துக்கு மேலேயே வையுங்கள். மூழ்கியிருந்தால் கரண்ட் போனதும் பெட்டித் தண்ணீர் அதே வழியாகத் தொட்டிக்கு இறங்கி, தொட்டி நிரம்பித் தரையில் வழியும். மாட்டும் ஃபில்டராக இருந்தால், கரண்ட் வந்ததும் தண்ணீர் ஏறுகிறதா என்று ஒரு பார்வை. ஏறாவிட்டால் தொட்டித் தண்ணீரையே ஒரு டம்ளர் பெட்டியில் ஊற்றுங்கள். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும். வணக்கம்.