தலைகீழ் மயில்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

எங்கள் வீட்டில் போர்வைகளுக்குப் பெயர் உண்டு. அலமாரியின் மேல்தட்டில் மடித்து வைத்திருக்கும் ஒன்றின் பெயர் 'தலைகீழ் மயில்'. பழைய நூல் புடவைகளின் முந்தானைகளையும் வேட்டிக் கரைகளையும் சதுரங்களாக வெட்டி இணைத்து, நான் முதன்முதலாகத் தைத்த ஒட்டுப்போர்வை அது. அதன் நடுவரிசையில் உள்ள 8 மயில்களில் ஏழு நிமிர்ந்து நிற்க, ஐந்தாவது மயில் மட்டும் கால் மேலும் தலை கீழுமாக இருக்கிறது. அடித்துணி வைத்து மூட்டி, துவைத்துக் கொடியில் உலர்த்திய பிறகுதான் அது கண்ணில் பட்டது. முதலில் பார்த்தவர் என் மாமியார். "அது ஏம்மா, அந்த மயிலுக்கு மட்டும் மழை கீழேருந்து பெய்யுதா?" என்று அவர் கேட்டார். நான் சிரிக்கத் தொடங்கி, பிறகு வீடே சிரித்தது. தையலைப் பிரிப்பதற்காக நான் எடுத்த கத்தரிக்கோலை அவரே வாங்கி உள்ளே வைத்துவிட்டார். ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் இன்றும் கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்வது அந்தப் போர்வையைத்தான்.

தையலில் பிழை நேர்வதற்குக் கவனக்குறைவு மட்டும் காரணமன்று. அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. தைத்து முடித்தபின் 6 அங்குலம் இருக்க வேண்டிய சதுரங்கள் எட்டை வரிசையாக இணைத்தால் 48 அங்குலம் வர வேண்டும். இணைப்புக்காக விளிம்பில் கால் அங்குலம் விடுவது வழக்கம். அந்தக் கால் அங்குலத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு கூடிப்போய், தச்சர்கள் ஒரு நூல் என்று சொல்லும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் ஒவ்வொரு சதுரத்திலும் குறைந்தால், எட்டுச் சதுரங்களுக்கும் சேர்த்து ஒரு முழு அங்குலம் காணாமல் போய்விடும். அடுத்த வரிசை சரியாக 48 அங்குலம் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. நீளமான வரிசையைச் சற்றுச் சுருக்கி இணைக்க, போர்வையின் நடுவில் ஒரு சிறு மேடு எழும். துணியை நூலோட்டத்துக்குச் சாய்வாக, மூலைவாட்டில் வெட்டினால் ஓரம் இழுபட்டு அலைபாயும். பலமுறை துவைத்த வேட்டியும் புதுத்துணியும் ஒன்றாகத் தைக்கப்பட்டால், முதல் துவைப்பில் புதுத்துணி மட்டும் சுருங்கி முகம் சுளிக்கும். இந்தக் காரணங்கள் தெரிந்த பிறகு எனக்குப் பிழையின் மீதிருந்த கோபம் குறைந்தது. கோபம் குறைந்த இடத்தில்தான் சிரிப்பு வருகிறது.

சமையலறையிலும் இப்படித்தான். வதக்கிய வெங்காயத்தையும் தக்காளியையும் ஆறவிடாமல் மிக்ஸியில் போட்டால், அது சுற்றத் தொடங்கியவுடன் நீராவி விரிந்து மூடியைத் தள்ளிவிடும். எங்கள் வீட்டுச் சமையலறைக் கூரையில் அப்படி ஒரு சட்னிக் கறை பல மாதங்கள் இருந்தது. யார் மீதும் படாமல் மேலே போயிற்று என்பதனால்தான் நாங்கள் அதைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கை சுட்டிருந்தால் அது வேறு கதை. இன்னொரு நாள் சாம்பாரில் மூன்று முறை உப்பு விழுந்தது. நான் போட்டேன்; நான் மறந்திருப்பேனோ என்று மாமியார் போட்டார்; எங்கள் இருவருக்கும் வேலை அதிகம் என்று எண்ணி என் கணவரும் வந்து போட்டார். மூவரும் ஒருவரை ஒருவர் நினைத்துச் செய்த உதவி அந்தச் சாம்பாரைக் கெடுத்தது. அன்று மோர்ச் சோற்றோடு எழுந்த சிரிப்பில் கசப்பு சிறிதும் இல்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை, அதாவது சிரிப்பையே முதலாவதாக வைக்கிறது. அந்த நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் அது கூறுகிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பிறரை இகழ்ந்து சிரிப்பது எள்ளல். மற்ற மூன்றும் பிள்ளைத்தனத்தாலும் அறியாமையாலும் எளிதில் நம்பிவிடுவதாலும் பிறப்பவை. இந்தப் பகுப்பை நான் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்கிறேன். தலைகீழ் மயிலைக் கண்டு சிரித்தது ஒரு வகை. புதிதாக வந்த மருமகள் குழைய வடித்த சோற்றை, வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் பத்து ஆண்டுகளாகச் சொல்லிச் சிரிப்பது முற்றிலும் வேறு வகை. நம் குடும்பங்களில் இந்த இரண்டாவது சிரிப்பு நிறையவே நடந்திருக்கிறது. அதை நகைச்சுவை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. யாருடைய கையில் பிழை நேர்ந்ததோ அவர் முதலில் சிரிக்க வேண்டும், அந்தக் கதையை வெளியில் சொல்லும் உரிமையும் அவருக்கே இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம். அதனால்தான் மயில் கதையை இன்று நான் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஒட்டுப்போர்வைகளைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. நிறைவு என்பது இறைவனுக்கே உரியது என்பதால், அக்காலப் பெண்கள் பணிவுடன் ஒவ்வொரு போர்வையிலும் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்துத் தைத்தார்கள் என்பது அந்தக் கதை. அதற்குத் தக்க சான்று இல்லை என்பதே போர்வை வரலாற்றை ஆராய்வோர் சொல்வது. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. விளக்கொளியில், வீட்டு வேலைகளுக்கு இடையே, பிள்ளை மடியில் ஏறிக்கொண்டிருக்கும்போது தைத்தவர்களுக்குப் பிழையைத் தேடிக் கொண்டுவர வேண்டிய தேவை இருந்திருக்காது.

ஆனால் கோணலாகத் தெரிவதெல்லாம் பிழையும் அன்று. அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவு ஒன்றில் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்னும் ஊரின் கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் கிழித்துப் போர்வைகள் தைத்தார்கள். சட்டைப்பை பிரிக்கப்பட்ட இடத்தில் வெயில் படாத துணி அடர்நீலமாகவே நிற்க, சுற்றிலும் நிறம் வெளுத்திருக்கும். கோடுகள் நேராகச் செல்லாமல் வளையும். அந்த வளைவு அவர்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்தது. 2002ஆம் ஆண்டு ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. குளிருக்காகத் தைக்கப்பட்ட துணிகள் அவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இப்போது என் மகள் தன் முதல் போர்வையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். தாத்தாவின் வெள்ளை வேட்டியோடு ஒரு புதுச் சிவப்புச் சுங்குடியைச் சேர்த்துவிட்டாள். முதலில் சுங்குடியைத் தனியே நனைத்து வடியவிட வேண்டும் என்று நான் சொல்வதற்குள் இரண்டும் ஒரே வாளிக்குள் போய்விட்டன. வேட்டித் துண்டுகளெல்லாம் வெளிறிய ரோஜா நிறமாகிவிட்டன. வாளியையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "தாத்தா வேட்டிக்கு வெட்கம் வந்துடுச்சு" என்றாள். போர்வைக்கு 'வெட்கம்' என்று பெயரிடலாம் என்கிறார் மாமியார். இன்னும் இரண்டு வரிசை தைக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் வேறு பெயர் கிடைக்கலாம் என்கிறாள் அவள்.

வணக்கம்.