நிறுத்துக் கொடுத்த வெள்ளி

(தலைப்பு: கிறிஸ்தவனின் நம்பகத்தன்மையைக் காப்பது நல்ல மனமா, நல்ல கணக்கா? “நல்ல கணக்கே” அணியின் உரை. சேலத்தில் அறுப்பின் பண்டிகையை ஒட்டி நடந்த பட்டிமன்றம்.)

கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம். நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புச் சகோதர சகோதரிகளே, ஏற்காட்டு மிளகையும் காபியையும், ஓமலூர்ப் பக்கத்துப் பூசணியையும் காணிக்கையாகச் சுமந்து வந்திருக்கும் சபையாரே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, “மனசு சுத்தமாக இருந்தால் நோட்டு எதற்கு? கணக்குக் கேட்பதே சந்தேகம்தானே?” என்று கேட்டார்கள். கையோடு இரண்டு வேத பகுதிகளையும் எடுத்து வைத்தார்கள். அவற்றுக்குப் பதில் சொல்லாமல் நான் மேலே போனால் அது நியாயமாகாது.

முதலாவது, வலது கை செய்கிறதை இடது கை அறியாதிருக்கக்கடவது என்ற மத்தேயு 6-ஆம் அதிகாரம். அக்கா, அந்த வலது கை கொடுக்கிறவருடைய கை. கொடுத்ததைத் தம்பட்டம் அடிக்காதே என்று ஆண்டவர் அவருக்குச் சொல்கிறார். வாங்குகிற கைக்கு அங்கே எந்தச் சலுகையும் இல்லை. வாங்கினவன் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது கொஞ்சம் கனமானது. 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரம், 15-ஆம் வசனம். ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் வாங்கினவர்களிடம் “கணக்குக் கேளாதிருந்தார்கள்”, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று இருக்கிறது. உண்மைதான், இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தை 15-லிருந்தா தொடங்குவது? 6-ஆம் வசனத்துக்கு வாருங்கள். யூதாவை ஆண்ட யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருஷம் வரைக்கும் எருசலேம் ஆலயம் பழுதுபார்க்கப்படவே இல்லை. அதுவரை என்ன ஏற்பாடு? ஆசாரியர்கள் அவரவர் தங்களுக்கு அறிமுகமானவர்களிடம் பணம் வாங்கி, அவர்களே வேலையும் பார்க்க வேண்டும். பொதுப் பெட்டி இல்லை, சேர்ந்து எண்ணுகிற ஆளும் இல்லை. அவர்கள் திருடினார்கள் என்று வேதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூரை மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

பிறகு யோய்தா ஆசாரியன் என்ன செய்தார்? ஒரு பெட்டியை எடுத்தார், மூடியில் துவாரம் போட்டார், எல்லார் கண்ணிலும் படும்படி ஜனங்கள் உள்ளே வருகிற வழியில் வலது பக்கம் வைத்தார். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும், அதாவது எழுத்தரும், பிரதான ஆசாரியனும், கவனியுங்கள், இரண்டு பேர், இரண்டு வேறு இடத்து ஆட்கள், சேர்ந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள். எண்ணின பணத்தைத்தான் வேலையை விசாரிக்கிறவர்கள் கையில் கொடுத்தார்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் “கணக்குக் கேளாதிருந்தார்கள்” வருகிறது. அந்தப் 15-ஆம் வசனம் 10-ஆம் வசனத்தின் தோளில் உட்கார்ந்திருக்கிறது ஐயா!

அந்தப் பெட்டி இன்றைக்கும் நம் சபைகளில் இருக்கிறது. அதை எப்படித் திறக்க வேண்டும் என்று சொல்கிறேன், ஏனென்றால் நேர்மை சறுக்குவது பெரும்பாலும் அந்த மேசையில்தான்.

ஆராதனை முடிந்த அன்றைக்கே, அதே கட்டடத்தில் எண்ண வேண்டும். குறைந்தது இரண்டு பேர். அவர்கள் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது, மாமன் மச்சானும் வேண்டாம். 500, 200, 100, 50, 20, 10 என்று நோட்டுகளைப் பிரித்து, ஒருவர் எண்ணிய கட்டை மற்றவர் மறுபடி எண்ண வேண்டும். முதலாமவர் தொகையைச் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கட்டை நீட்டினால் இரண்டாமவர் எண்ணுவதாகத் தலையை ஆட்டுவார், எண்ணமாட்டார். அதனால் இரண்டு பேரும் தனித்தனிச் சீட்டில் எழுதிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். காணிக்கை உறையின் மேல் 500 என்று எழுதி உள்ளே 300 இருந்தால், உள்ளே இருப்பதை எழுதி, உறையிலேயே குறித்து, உறையையும் வைத்துக்கொள்ள வேண்டும். தொகைத்தாளில் பேனாவால் இருவர் கையெழுத்து. பென்சில் கூடாது. மறுநாள் அந்தத் தொகை அப்படியே, ஒரு ரூபாய் குறையாமல், வங்கிக்குப் போக வேண்டும்.

இந்த “அப்படியே” என்ற இடத்தில்தான் நல்ல மனசுக்காரர்கள் விழுகிறார்கள். பூக்காரர் வாசலில் நிற்கிறார், 400 ரூபாய். ஒலிபெருக்கிக்காரர் நிற்கிறார், 1500 ரூபாய். “காணிக்கையிலேயே எடுத்துக் கொடுத்துவிடுவோம், மீதியைக் கட்டுவோம்” என்கிறார் பொருளாளர். ஒரு காசு அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் புத்தகத்தில் வரவு 1900 குறைகிறது, செலவுக்கு வவுச்சர் கிடையாது. இப்படி 52 ஞாயிறு போனால், ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிற ஒருவருக்கு அந்தப் பொருளாளர் எதைக் காட்டுவார்? தன் மனசையா? சில்லறைச் செலவுக்கு 3000 ரூபாய் என்று தனியாக ஒரு கையிருப்பு வைத்து, வவுச்சர் சேரச் சேர அதை நிரப்பியிருந்தால் இந்தத் தலைகுனிவு வந்திருக்காது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைச் சொல்லாமல் விடமுடியாது. ஒரு பூசணிக்காய் 5000 ரூபாய்க்குப் போகும், ஒரு சேவல் 8000-க்குப் போகும். கைதட்டல் பறக்கும். எடுத்தவர் “அடுத்த வாரம் தருகிறேன்” என்பார். ராத்திரி மேடையில் அறிவிப்பு: “இந்த ஆண்டு ஏலம் 2 லட்சம்!” மாதக் கடைசியில் வங்கியில் இருப்பதோ 1 லட்சத்து 40 ஆயிரம். மீதி 60 ஆயிரம் எங்கே? எங்கேயும் போகவில்லை, சபையார் பையிலேயே இருக்கிறது, இன்னும் தரவில்லை! ஆனால் பேச்சு யார் மேல் விழும்? ஏலம் எழுதினவர் மேல். அதனால் ஏலப் பதிவேட்டில் பொருள், எடுத்தவர், கேட்ட விலை, கட்டியது, பாக்கி என்று ஐந்து பத்தி போட வேண்டும். அறிவிக்கும்போதே இரண்டு தொகையையும் அறிவிக்க வேண்டும்: இவ்வளவு கேட்கப்பட்டது, இவ்வளவு கையில் வந்தது. ரசீதுப் புத்தகத்தில் தப்பாகிப்போன சீட்டைக் கிழித்து எறியக் கூடாது. குறுக்கே கோடு போட்டு அதிலேயே வைக்க வேண்டும், எண் வரிசையில் ஓட்டை விழக் கூடாது. யுபிஐ வந்துவிட்டதே என்கிறீர்களா? மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை யார் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். அவசரத்துக்கு ஒருவருடைய சொந்த எண்ணைக் கொடுத்துவிட்டால், அவர் வீட்டு மளிகைப் பணமும் ஆண்டவருக்குப் படைத்த பணமும் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். எவ்வளவு நல்லவரானாலும் அவரால் அதைப் பிரித்துக் காட்ட முடியாது.

இயேசுவின் சீஷர் பன்னிரண்டு பேர் நடுவில் பணப்பை யூதாஸ் ஒருவனிடம் இருந்தது. அவன் அதிலிருந்து எடுத்ததை யோவான் 12:6 சொல்கிறது. இதை நான் நீட்ட விரும்பவில்லை.

சபையை விட்டு வெளியே வருவோம். மேலே சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிக்கிறவர்களுக்குப் பல தோட்டங்களில் கிலோக் கணக்கில் கூலி. சாயங்காலம் மூட்டையை நிறுத்தும்போது சாக்கு எடை கழிப்பார்கள். வெறும் சாக்கைத் தராசில் வைத்துப் பார்த்து அதை மட்டும் கழித்தால் நியாயம். பார்க்காமல் “மூட்டைக்கு 2 கிலோ” என்று கழித்தால்? வெறும் சாக்கு ஒரு கிலோவைத் தாண்டுவது அரிது. மீதி ஒரு கிலோ, அந்தப் பெண் வெயிலில் நின்று பறித்த பழம், ஒவ்வொரு மூட்டைக்கும் போகிறது. அந்த முதலாளி ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணீரோடு பாடலாம். அவருக்கு மனசு இல்லை என்று யார் சொன்னது? அவருக்குத் தராசு இல்லை. லேவியராகமம் 19-ஐத் திறந்தால், கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று 13-ஆம் வசனம் சொல்கிறது. அதே அதிகாரம் 36-ஆம் வசனத்தில் சுமுத்திரையான, அதாவது சரியான, தராசு, சுமுத்திரையான நிறைகல், மரக்கால், படி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறது. நம் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. கடையில் வைத்திருக்கும் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை போட வேண்டும். விசுவாசி கடையில் அந்த முத்திரைத் தேதி தாண்டியிருந்தால் சுவரில் மாட்டிய வசனத்தை வாடிக்கையாளர் எப்படி வாசிப்பார்?

வரி வசூலித்துப் பணக்காரரான சகேயுவுக்கு இயேசுவைச் சந்தித்ததும் மனம் மாறியது, கணக்கு எங்கே என்று எதிரணி கேட்கலாம். அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றாரே! நாலால் பெருக்குவதற்கு முதலில் ஒரு தொகை வேண்டாமா? யாரிடம், எவ்வளவு என்று அவர் உட்கார்ந்து எழுதாமல் ஒரு வீட்டுக்கும் போயிருக்க முடியாது.

இப்போது அக்கா சொன்ன அந்த “சந்தேகம்” என்ற வார்த்தைக்கு வருகிறேன். சேலத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா அக்கா? செவ்வாய்ப்பேட்டைக்கும் சிவதாபுரத்துக்கும் போய்ப் பாருங்கள். வியாபாரி பட்டறைக்கு வெள்ளி கொடுக்கிறார். இருபது வருஷப் பழக்கம், வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வருகிற உறவு. இருந்தும் கட்டியைத் தராசில் வைக்காமல் கொடுப்பதில்லை. எடையும் டச்சும், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதும், இரண்டு பேர் நோட்டிலும் ஏறும். கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை, மறுபடி டச். 1000 கிராம் கொலுசு 80 டச் என்றால் சுத்த வெள்ளி 800 கிராம். 75 என்று காட்டினால் 50 கிராமுக்குப் பதில் சொல்ல வேண்டும். பற்றவைத்த இடத்தில் பற்றவைக்கும் பொடி கூடிப்போயிருக்கும், அதனாலும் டச் இறங்கும், அதையும் அங்கேயே பேசி முடிப்பார்கள். வெட்டுத்துண்டு, அரத்தூள், ஒப்புக்கொண்ட சேதாரம், எல்லாம் எடைக்கு வரும். பட்டறைத் தரையைக் கூட்டிய தூசியைக்கூட எறியமாட்டார்கள். அங்கே யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. நிறுப்பதனால்தான் இருபது வருஷமாக அந்த உறவு முறியாமல் இருக்கிறது.

வேதபாரகரான எஸ்றாவும் இதைத்தான் செய்தார். எஸ்றா 8-ஆம் அதிகாரம். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோக வேண்டும். 650 தாலந்து வெள்ளி (தாலந்து என்பது அந்தக் காலத்துப் பெரிய எடை அளவு), 100 தாலந்து நிறையான வெள்ளிப் பணிமுட்டுகள், அதாவது பாத்திரங்கள், 100 தாலந்து பொன். மாதக்கணக்கான பயணம், வழியில் கொள்ளைக்காரர் பயம். தேவனுடைய கரம் எங்கள்மேல் இருக்கிறது என்று ராஜாவிடம் சொல்லிவிட்டதால், போர்ச்சேவகரைக் கேட்க வெட்கப்பட்டேன் என்று அவரே எழுதுகிறார். உபவாசம் பண்ணி ஜெபித்துவிட்டுப் புறப்படுகிறார். அவ்வளவு விசுவாசம்! அப்படிப்பட்டவர், ஆசாரியரின் தலைவரில் 12 பேரைப் பிரித்தெடுத்து, வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, “நீங்கள் கர்த்தருக்குப் பரிசுத்தமானவர்கள்” என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். எருசலேமில் மூன்று நாள் தங்கியிருந்து, நாலாம் நாள் தேவனுடைய ஆலயத்தில், நாலு பேர் முன்னிலையில், மறுபடி நிறுக்கப்படுகிறது. நிறையெல்லாம் அப்பொழுதே எழுதப்பட்டது என்று வேதம் முடிக்கிறது.

நடுவர் ஐயா, மணி அடித்துவிட்டீர்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு அமர்கிறேன். சேவகரைக் கேட்க வெட்கப்பட்ட எஸ்றா, பரிசுத்தவான்கள் என்று தாமே சாட்சி சொன்ன அந்தப் பன்னிரண்டு பேர் முன்னால் தராசை எடுக்க ஏன் வெட்கப்படவில்லை?